மழையின் அளவு தெரியும், தன்மை தெரியுமா?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை, இருங்காட்டுக்கோட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். இரண்டாவது ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் கம்பெனிப் பேருந்துகளுக்காகக் காத்திருந்தனர். அவர்களில் ஓர் இளைஞர் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தியோப்பியாவில் வெடித்த எரிமலையின் சாம்பல் மேகம் அதில் ஓடியது. நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதை அறிந்தவர் அவர். "சார், இந்தப் புகை நம்ம ஊர் மழையிலயும் கலக்குமா? உடம்புக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டார்.

"அது வடக்கே போகிறது, மிக உயரத்தில் போகிறது, நமக்கு ஒன்றும் ஆகாது" என்றேன். பேருந்து வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். நான் சொன்ன பதிலில் பிழை இல்லை. ஆனால், அது பாதிப் பதில்தான் என்பது வீடு வந்து சேர்வதற்குள் உறைத்தது. அவர் கேட்டது எரிமலையைப் பற்றி மட்டுமன்று, தன் தலையில் விழும் மழையைப் பற்றியும்தான். அந்தக் கேள்விக்கு நம் ஊரில், நம் அரசில், யாரிடம் பதில் இருக்கிறது?

முதலில் எரிமலையைப் பார்த்துவிடுவோம். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் அது வெடித்ததற்கான பதிவு எதுவும் இல்லை. சாம்பலும் வாயுவும் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தன. செங்கடலைக் கடந்து, ஏமன், ஓமன் நாடுகளின் மேலாக, மறுநாள் இரவு அந்த மேகம் குஜராத், ராஜஸ்தான், தில்லி வான்பரப்பை எட்டியது. விமான நிறுவனங்கள் சில சேவைகளை ரத்து செய்தன. அந்த மேகம் உயர் வளிமண்டலத்திலேயே பயணம் செய்து சீனத்தை நோக்கி நகர்ந்துவிடும் என்று இந்திய வானிலை ஆய்வு மையம் விளக்கியது. தரைமட்டக் காற்றில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை.

எரிமலை கக்கும் வாயுவில் பெரும்பகுதி நீராவிதான். அடுத்து கார்பன் டை ஆக்சைடு. அதற்கடுத்து வருவது கந்தக டை ஆக்சைடு. ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் சிறிய அளவில் கலந்திருக்கும். மழைக்கு முக்கியமானவை கடைசி மூன்றும்தான். குளோரைடும் ஃபுளோரைடும் நீரில் உடனே கரைந்து அமிலமாகின்றன. கந்தக டை ஆக்சைடு மேகத்துளிக்குள் புகுந்து, அங்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்களால் ஆக்ஸிஜனேற்றம் பெற்று, கந்தக அமிலமாக மாறுகிறது.

தூய மழைநீரும் முற்றிலும் நடுநிலையானது அன்று. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பி.எச். மதிப்பு 5.6 அளவில் இருக்கும். நடுநிலையைக் குறிக்கும் 7-க்குக் கீழே செல்லச் செல்ல அமிலத்தன்மை கூடும். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். 5.6-க்குக் கீழே இறங்கும் மழையையே பொதுவாக அமில மழை என்கிறோம்.

எரிமலை வாயு மழையோடும் மண்ணோடும் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு கொடிய சான்று ஒன்றைத் தந்திருக்கிறது. 1783-இல் ஐஸ்லாந்தின் லாகி எரிமலைப் பிளவு எட்டு மாதங்கள் வாயுவைக் கக்கியது. ஏறத்தாழ 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறியதாக மதிப்பிடுகிறார்கள். புல்லில் படிந்த ஃபுளோரின் கால்நடைகளின் எலும்பையும் பல்லையும் சிதைத்தது. அந்நாட்டின் கால்நடைகளில் பாதிக்கு மேல் மடிந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். எரிமலைக் குழம்பில் சிக்கி இறந்தவர்கள் அல்லர் அவர்கள். காற்றும் புல்லும் நஞ்சானதால் இறந்தவர்கள்.

இன்னொரு நிகழ்வு நமக்கு நெருக்கமானது. ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை 1983 முதல் 2018 வரை ஏறக்குறைய இடைவிடாமல் கனன்றது. அத்தீவின் கோனா பகுதியில் பலர் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள். 1988-இல் அங்கே சோதித்தபோது, மழைநீர்த் தொட்டி வைத்திருந்த வீடுகளில் ஏறத்தாழ 40 சதவீத வீடுகளின் குடிநீரில் ஈயம் கலந்திருப்பது தெரியவந்தது. ஈயம் எரிமலையிலிருந்து வரவில்லை. எரிமலை வாயுவால் அமிலமான மழை, கூரையிலும் ஆணியிலும் குழாய்களிலும் இருந்த ஈயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியிருந்தது. சிலருடைய இரத்தத்திலும் ஈயத்தின் அளவு கூடியிருந்தது.

அமில மழையின் இயல்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்காது. அந்த நீர் தோலைச் சுடாது, குடித்தால் புளிக்காது, பார்வைக்குப் பளிங்குபோல் இருக்கும். அதன் தீங்கு, அது எதைத் தொட்டு எதைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்பதில் இருக்கிறது.

எரிமலை நமக்கு அயலானதும் அன்று. அந்தமான் கடலில், ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிர்ப்புடன் உள்ள ஒரே எரிமலை அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்துவிட்டு 1991-இல் விழித்த அது, அவ்வப்போது புகைந்துகொண்டே இருக்கிறது. மனிதர் வாழாத தீவு அது. ஆனாலும், போர்ட் பிளேயரில் பெய்யும் மழையின் வேதியியலை இந்திய வானிலை ஆய்வு மையம் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. அந்தக் கண்காணிப்பு இருங்காட்டுக்கோட்டையில் பெய்யும் மழைக்கு இல்லை.

ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இங்கே எரிமலையா இருக்கிறது? இல்லைதான். ஆனால், தனக்குள் கரைந்த கந்தகம் எரிமலையின் வாயிலிருந்து வந்ததா, புகைபோக்கியின் வாயிலிருந்து வந்ததா என்று மழைத்துளி பிரித்துப் பார்ப்பதில்லை. வேதிவினை ஒன்றே. அளவில் மட்டும்தான் வேறுபாடு. அந்த அளவிலும் எரிமலைகளைவிட நாமே முந்தியிருக்கிறோம். உலகின் எரிமலைகள் வெடிக்காமல் அமைதியாகப் புகையும்போது வெளியிடும் கந்தக டை ஆக்சைடு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி டன் என்று செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. நிலக்கரி, எண்ணெய், உலோக உருக்காலைகள் வழியாக மனிதர்கள் வெளியேற்றுவது அதைப்போல் பல மடங்கு. அந்த வரிசையில் இன்று முதலிடத்தில் இருக்கும் நாடு இந்தியா. சீனம் 2007-க்குப் பிறகு பத்தாண்டுகளில் தன் உமிழ்வை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டது. அதே காலத்தில் நம் உமிழ்வு பாதியளவு கூடியது.

அமில மழை என்ற சொல்லே ஒரு தொழில் நகரத்தில்தான் வேர்விட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பருத்தி ஆலைகளின் நகரம். ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1852-இல் அந்நகரின் மழையைச் சோதித்தார். நகருக்கு வெகு தொலைவிலுள்ள வயல்களில் ஒரு வகை, புறநகரில் இன்னொரு வகை, ஆலைகளுக்கு நடுவில் நேரடிக் கந்தக அமிலம் என மழை இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்டார். இருபது ஆண்டுகள் கழித்து 1872-இல் வெளியிட்ட நூலில் அதற்கு அமில மழை என்றே பெயரிட்டார். இடைப்பட்ட காலத்தில், சோடா ஆலைகள் வெளிவிட்ட ஹைட்ரஜன் குளோரைடைக் கட்டுப்படுத்த 1863-இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. ஆலைகள் அந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றது சட்டம். அதை நடைமுறைப்படுத்தும் முதல் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர் அதே ஸ்மித். மழையை அளந்தவரின் கையிலேயே ஆலையை அளக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

இருங்காட்டுக்கோட்டையை மான்செஸ்டரோடு ஒப்பிடுவது மிகையன்று. தொண்ணூறுகளில் சிப்காட் தொழிற்பூங்கா இங்கே அமைந்தது. 1996-இல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீண்ட இந்தத் தடம் கார்கள், லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், கைப்பேசிகள், கண்ணாடி, டயர் என நாட்டின் தொழில் வரைபடத்தில் அழுத்தமான இடம் பிடித்துவிட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதுவே சோறு. இந்தத் தடத்தை இழித்துப் பேச நான் இதை எழுதவில்லை. என் மாணவர்களில் பலர் இங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

இத்தடத்தின் ஆலைகள் பெரும்பாலும் பொருத்தும் ஆலைகள். நிலக்கரியை மலைமலையாக எரிப்பவை அல்ல. கொதிகலன்கள், வண்ணப்பூச்சை உலர்த்தும் அடுப்புகள், மின்தடையின்போது ஓடும் டீசல் ஜெனரேட்டர்கள், இரவும் பகலும் நெடுஞ்சாலையில் ஊரும் சரக்கு லாரிகள் ஆகியவை கந்தகத்தைவிட நைட்ரஜன் ஆக்சைடுகளையே அதிகம் தருபவை. அவையும் மேகத்தில் நைட்ரிக் அமிலமாகின்றன. கந்தகம் வேறு திசையிலிருந்து வர வாய்ப்பிருக்கிறது.

தமிழ்நாட்டின் இப்பகுதிக்கு ஆண்டின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் நின்று வடகிழக்கு நோக்கினால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவை எண்ணூரும் மணலியும். அனல் மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அங்கே உள்ளன. உயரமான புகைபோக்கிகள் வாயுவை மேலே தூக்கி விடுவதே, அது அருகில் விழாமல் தொலைவில் பரவ வேண்டும் என்பதற்காகத்தான். கந்தக டை ஆக்சைடு அமிலமாக மாறச் சில மணி நேரம் முதல் சில நாள்கள் வரை ஆகும். அதற்குள் காற்று அதைப் பல பத்து, சில நேரம் பல நூறு கிலோமீட்டர்கள் கொண்டுசெல்லும். மழை மேகமும் புகையும் ஒரே காற்றில் ஒரே திசையில் வரும் மூன்று மாதங்களில் செம்பரம்பாக்கத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் விழும் நீரில் என்ன இருக்கிறது என்பது நியாயமான கேள்விதான்.

இந்த இடத்தில் எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கு அமில மழை ஒரு பெரிய சிக்கல் அன்று என்பதே அறிவியலாளர்களின் நெடுநாள் கருத்தாக இருந்தது. அதற்குக் காரணம் நம் மண். வறண்ட நிலங்களிலிருந்து எழும் புழுதியில் கால்சியம் நிறைந்திருக்கிறது. வயல்களிலிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் அம்மோனியா எழுகிறது. இரண்டும் காரத்தன்மை உடையவை. மேகத்தில் உருவாகும் அமிலத்தை அவை அங்கேயே தணித்துவிடுகின்றன. ஐரோப்பாவின் காடுகளும் ஏரிகளும் அமில மழையால் அழிந்த எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் மழையின் பி.எச். பெரும்பாலான இடங்களில் பாதுகாப்பான அளவில் இருந்தது இதனால்தான்.

ஆனால், அந்தக் கவசம் தேய்ந்து வருகிறது. உலக வளிமண்டலக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் இந்திய வானிலை ஆய்வு மையம் பத்து இடங்களில் மழைநீரைச் சேகரித்து ஆராய்கிறது. 1987 முதல் 2021 வரையிலான அந்தத் தரவுகளை வானிலை ஆய்வு மையமும் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் இணைந்து ஆய்வு செய்தன. விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகிய இடங்களில் மழை அமிலத்தன்மையை நோக்கிச் சாய்ந்திருப்பதை அந்த ஆய்வு காட்டியது. தார்ப் பாலைவனப் புழுதி எட்டும் ஜோத்பூர், ஸ்ரீநகர் போன்ற இடங்களில் அந்தச் சாய்வு தணிந்திருந்தது. உடனடி ஆபத்து இல்லை என்றும், போக்கு நீடித்தால் பயிரும் மண்ணும் நீர்நிலைகளும் கட்டடங்களும் பாதிக்கப்படும் என்றும் ஆய்வாளர்கள் கூறினர்.

விசாகப்பட்டினம் நம்மைப் போலவே வங்கக் கடலோரம் இருப்பது. சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையமும் துறைமுகமும் கொண்டது. அங்கே மாற்றம் தெரிந்ததற்குக் காரணம் அங்கே அளக்கிறார்கள் என்பதே. அந்தப் பத்து நிலையங்களில் தமிழ்நாட்டில் உள்ளது ஒன்றே ஒன்று. அதுவும் கொடைக்கானல் மலையின் உச்சியில். ஊர்ப்புகை எட்டாத தூய காற்றை அறிய அது சரியான இடம். தொழில் தடத்தின் மழையை அறிய அது உதவாது.

கவசத்தின் தேய்மானத்தில் இன்னொரு முரணும் இருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் நுண்துகள்களைக் குறைப்பதையே இலக்காகக் கொண்டது. அதன் நிதியில் பெரும்பகுதி சாலைப் புழுதியை அடக்குவதற்கே செலவாகியுள்ளது. சாலைக்குத் தளமிடுவதும் தண்ணீர் தெளிப்பதும் இயந்திரத்தால் பெருக்குவதும் நல்லவையே. நுரையீரலுக்கு அவை தேவை. ஆனால், அமிலத்தைத் தணித்துக்கொண்டிருந்த காரப் புழுதியை அகற்றிவிட்டு, அமிலத்தைத் தரும் வாயுவை அப்படியே விட்டுவைத்தால் மழை முன்பைவிட அமிலமாகும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் குறைப்பது, மருந்தை நிறுத்திவிட்டு நோயை வளர்ப்பதற்கு ஒப்பானது.

நம் கொள்கையோ எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தது. புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவிகளை இரண்டு ஆண்டுகளில் பொருத்த வேண்டும் என்றது. கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இறுதியில் 2025 ஜூலை 11 அன்று வெளியான அறிவிக்கை, நாட்டின் அலகுகளில் ஏறத்தாழ 78 சதவீதத்துக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் தேசியத் தலைநகர் பகுதிக்கும் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 இறுதிக்குள் கட்டாயமாகக் கருவி பொருத்த வேண்டும். மிகவும் மாசடைந்த பகுதிகளுக்கு அருகிலுள்ளவை குறித்துத் தனித்தனியாக முடிவெடுக்கப்படும்.

இதற்கு அரசு சொன்ன காரணங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. நகரங்களின் காற்றில் கந்தக டை ஆக்சைடு அளவு வரம்புக்குள்ளேயே இருக்கிறது. கருவிகளுக்கு இலட்சக்கணக்கான கோடி ரூபாய் செலவாகும், மின் கட்டணம் உயரும். சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், இவற்றில் முதலிரண்டும் காற்றைப் பற்றியவை. வாயுவாக அளந்தால் கந்தகம் குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அது வாயுவாக நீடிக்காததுதான். நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் போகிறது. சல்பேட்டாக மாறி மழையில் இறங்குகிறது. வாயுவை மட்டும் அளந்துவிட்டுக் கந்தகம் இல்லை என்பது, கடையின் கல்லாப்பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு, கடனுக்குப் போன சரக்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது போன்றது.

ஓர் எளிய கணக்கு. அரை சதவீதக் கந்தகம் உள்ள நிலக்கரி ஒரு டன் எரிந்தால் பத்து கிலோ கந்தக டை ஆக்சைடு உண்டாகும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதியின்படி டீசலில் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அந்த டீசல் ஒரு டன் எரிந்தால் உண்டாவது இருபது கிராம் மட்டுமே. அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்யப்படும் வாகனங்களுக்கு நாம் அவ்வளவு தூய எரிபொருளைக் கட்டாயமாக்கினோம். எண்ணெய் நிறுவனங்கள் பெரும் முதலீடு செய்தன, வாகன ஆலைகள் இயந்திரங்களையே மாற்றின, கார் விலை ஏறியது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆலைகளை இயக்கும் மின்சாரத்துக்கு மட்டும் வேறு அளவுகோல். இதே தடத்தில் இப்போது மின்சாரக் கார்களும் தயாராகின்றன. காரின் பின்னால் புகை இல்லை என்பது உண்மை. அதற்கு மின்னேற்றும் நிலக்கரியின் கந்தகத்தை யார் கணக்கில் எழுதுவது?

இதனால் இங்கே என்ன பாதிப்பு என்று கேட்டால், அச்சுறுத்தும் பதிலைச் சொல்ல நான் விரும்பவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. அவ்வளவு பெரிய நீர்நிலையை ஒரு பருவத்து மழை அமிலமாக்கிவிடாது. ஏரிக்கு வரும் நீர் மண்ணைத் தொட்டு வருகிறது. மண் பெருமளவு அமிலத்தைத் தணிக்கிறது. கவனிக்க வேண்டியவை மழை மண்ணைத் தொடும் முன் தொடும் பொருள்கள். துத்தநாகப் பூச்சுத் தகடு வேய்ந்த தொழிலாளர் குடியிருப்புகளின் கூரைகள். பழைய குழாய் இணைப்புகள். இளந்தளிர் விட்ட காய்கறித் தோட்டங்கள். சுண்ணாம்புச் சுதையால் ஆன கோபுரச் சிற்பங்கள். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலும் கோயில்கள் நிறைந்த காஞ்சியிலும் கருங்கல்லை அமிலம் எளிதில் அசைக்காது. சுதையை அது கரைக்கும். தாஜ்மகாலின் பளிங்குக்காக 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சுற்றியுள்ள ஆலைகள் நிலக்கரி எரிப்பதைத் தடை செய்தது நினைவிருக்கலாம். பளிங்கும் சுதையும் வேதியியலில் உடன்பிறப்புகள்; இரண்டும் கால்சியம் கார்பனேட்.

கோனாவின் பாடத்தை நாம் மறக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பெருமை நமக்கு உண்டு. கூரையில் விழும் நீரை நிலத்துக்குள் அனுப்பச் சொன்ன அரசுக்கு, அந்த நீரில் என்ன இருக்கிறது என்று அறியும் கடமையும் உண்டு.

என்ன செய்யலாம்? இதற்குப் பெரும் திட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. மழை பெய்யும்போது மட்டும் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் சேகரிப்புக் கருவி ஒன்று. அதில் சேரும் நீரில் பி.எச்., சல்பேட், நைட்ரேட், குளோரைடு, ஃபுளோரைடு, அம்மோனியம், கால்சியம், சோடியம் ஆகியவற்றை அளக்க ஓர் ஆய்வகம். பி.எச். மட்டும் போதாது. சல்பேட் மிகுந்திருந்தும் புழுதி தணித்துவிட்டதால் நடுநிலையாகத் தெரியும் மழை, புழுதி குறையும் ஆண்டில் திடீரென்று அமிலமாகிவிடும். சோடியத்தை அளந்தால்தான் கடலுப்பிலிருந்து வந்த சல்பேட்டைக் கழித்துப் புகையிலிருந்து வந்ததை அறிய முடியும்.

எண்ணூரில் ஒன்று, செம்பரம்பாக்கத்தில் ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று, ஒரகடத்தில் ஒன்று, காற்று போகும் திசையில் காஞ்சிபுரத்தில் ஒன்று என ஐந்து இடங்கள் போதும். ஸ்மித் மான்செஸ்டரில் செய்ததும் இதுதான். இத்தடத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கலைக் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றின் வேதியியல் துறைகளைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இணைத்துக்கொள்ளலாம். ஆலைகள் தம் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம். முடிவுகள் மட்டும் எவருடைய கோப்புக்குள்ளும் உறங்கக் கூடாது. வானிலை அறிக்கையில் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் அவை வர வேண்டும்.

நாம் அளக்கத் தெரியாத மக்கள் அல்லர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று சென்னைப் பகுதியின் பள்ளிச் சிறுவர்களும் சொல்கிறார்கள். ஹைலி குப்பி வெடித்த அடுத்த வாரமே டித்வா புயலின் எச்சம் சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் மழையைக் கொட்டியது. எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்று மணிக்கு மணி செய்தி வந்தது. அந்த நீரில் கரைந்திருந்தது என்ன என்பது ஒரு வரிச் செய்தியாகக்கூட வரவில்லை. நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த புகையை விமானமும் செயற்கைக்கோளும் நிமிடத்துக்கு நிமிடம் பின்தொடர்ந்தன. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரக்கூடிய புகை மழையாக விழுகிறதா என்று பார்க்க ஒரு குடுவையும் வைக்கப்படவில்லை.

எரிமலையைத் தடுக்க எவராலும் முடியாது. புகைபோக்கியைத் திருத்த முடியும். ஆனால், திருத்தச் சொல்வதற்கு முன் கையில் கணக்கு வேண்டும். மழையில் தீங்கு இல்லை என்றே அந்தக் கணக்கு காட்டலாம். காட்டினால் ஆலைகளுக்கும் நல்லது, மக்களுக்கும் நிம்மதி. தீங்கு இருந்தால், அது சுதையிலும் இரத்தத்திலும் தெரிவதற்கு முன்பே குடுவையில் தெரிந்துவிடும்.

அந்த இளைஞரை அதன்பின் இரண்டு முறை அதே நிறுத்தத்தில் பார்த்தேன். எரிமலையை அவர் மறந்துவிட்டார், நானும் நினைவூட்டவில்லை. மறுபடி கேட்டால் பாதிப் பதிலோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். "அந்த எரிமலைப் புகை இங்கே வரவில்லை, தம்பி. ஆனால், இங்கே பெய்கிற மழையை இன்னும் நாம் அளந்து பார்க்கவில்லை" என்று முழுவதையும் சொல்வேன். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அந்தப் பதிலின் இரண்டாம் பாதியை அரசு மாற்றித் தர வேண்டும்.